எருமைக்கு அளவெடுக்கப் போனோம்

அளவெடுத்துப் பிழைக்கிறவர்களில் தையல்காரருக்கு மரியாதை உண்டு, சர்வேயருக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு, எருமைக்கு அளவெடுக்கிறவளுக்கு உதை மட்டும்தான் உண்டு.

வோட்டர் லிஸ்ட், ஜனத்தொகைக் கணக்கு, தவணை வசூல், கோயில் நன்கொடை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வீடு வீடாகப் போய், நாய்க்குப் பயந்து, வாசலில் நின்றே பழகிய சக ஜீவன்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்களை வீட்டுக்காரர் மட்டும்தான் முறைப்பார். எங்களை எருமையும் சேர்ந்து முறைக்கும்.

வேலை இதுதான். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து நாட்டு எருமைகளைத் தேடிப் போய் கொம்பு எவ்வளவு நீளம், எப்படி வளைகிறது, காது எவ்வளவு, நெஞ்சுச் சுற்றளவு என்ன, உயரம் என்ன, வால் நுனி கறுப்பா வெள்ளையா என்று குறிக்க வேண்டும். இதே அளவுகளை மலைப்பக்கத்து எருமைகளிடம் ஒரு குழுவும் தெற்கத்தி எருமைகளிடம் ஒரு குழுவும் எடுக்கும். மூன்றையும் ஒப்பிட்டு, இந்த ஊர் எருமை தனி ரகம்தான் என்று காட்டிவிட்டால் அதற்கென்று ஒரு பெயர் கிடைக்கும், அதன் வம்சத்தைக் காப்பாற்ற ஏற்பாடு நடக்கும். காட்ட முடியாவிட்டால் ‘ரகம் இல்லாதவை’ என்ற பொதுக் கும்பலில் தள்ளிவிடுவார்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் வெளியூர் ரகத்துச் சினை ஊசிதான். கொஞ்ச வருஷத்தில் அளப்பதற்கு இங்கே ஒன்றும் இருக்காது.

நான் அருப்புக்கோட்டைக்காரி. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை கிடைத்ததால் கால்நடைப் படிப்பையும் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். என்னோடு முனிராஜ் அண்ணா. உள்ளூர்க்காரர். உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வெகுகாலம் இருந்து, ஆள்குறைப்பில் வெளியே வந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எருமையை அதட்டத் தெரிந்தவர் என்பதால் டாக்டரம்மா அவரை உடனே சேர்த்துக்கொண்டார். டாக்டரம்மா என்றால் எங்கள் திட்டத்தின் தலைவர். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தபடி போனிலேயே எங்கள் இருவரையும் மேய்ப்பவர்.

டேப்பைக் கண்ட ஊர்

முதல் நாள் ஓசூரைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, முனிராஜ் அண்ணா பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். பால் சொசைட்டி வாசலில் நின்றிருந்த நாலு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். நாங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்து முடிப்பதற்குள் அந்த நாலு பேரும் பட்டா ஜெராக்ஸோடு திரும்பி வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

இந்தப் பக்கத்தில் டேப்போடு இரண்டு பேர் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், நிலம் போகப் போகிறது. தொழிற்பேட்டைக்கோ, ரோட்டுக்கோ, ஏதோ ஒன்றுக்கு. நான் பதறிப்போய், “நிலம் இல்லீங்க, எருமையை அளக்க வந்திருக்கோம்” என்றேன். அதைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. பொய் சொல்வதென்றாலும் நம்புகிற மாதிரி ஒன்றைச் சொல்லக்கூடாதா என்பதுபோல் பார்த்தார்கள்.

கடைசியில் பட்டாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி ஒருவர் தன் எருமையைப் பிடித்து வந்து நிறுத்தினார். அவர் மனைவி எங்களுக்குக் காபி கொண்டுவந்தார். நன்றாக நினைவிருக்கிறது, அந்தக் காபியில் எருமைப்பால் ஏடு மிதந்தது. முதல் எருமைக்கு முன்வந்த புண்ணியவான் என்று அவரை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் முழுசாக நம்பிவிடவில்லை. நான் டேப்பை விரித்ததும் கையை நீட்டித் தடுத்துச் சொன்னார்: “நெலத்துக்கு வந்தவங்களும் ‘சும்மா அளந்து பாக்கறோம்’னுதான் சொன்னாங்கோ. இன்னிக்குக் காது மட்டும் அளந்துக்கங்க. மத்தத நாளைக்குப் பாக்கலாம்.”

முனிராஜ் அண்ணாவின் ஓக்கே

அளந்த எருமையையே மறுபடி அளந்துவிடக்கூடாதே என்று ஒரு அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. அதை முனிராஜ் அண்ணா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கம்பெனிப் பழக்கம். மஞ்சள் பெயிண்ட் பேனாவால் கொம்பில் அழகாக ‘ஓக்கே’ என்று போட்டுவிடுவார். இரண்டு நாளில் அந்தத் தெருவில் எல்லா எருமையும் ஓக்கே ஆகிவிட்டது, ராஜேஸ்வரியம்மா வீட்டு எருமையைத் தவிர. அது கொம்பு சுருண்ட வெளியூர் ரகக் கலப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் கணக்கில் அது சேராது. அதனால் தாண்டிப் போய்விட்டோம்.

சாயங்காலமே போன் வந்துவிட்டது. ராஜேஸ்வரியம்மாவின் மகனும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். ஓக்கே போடாத சரக்குக்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். முனிராஜ் அண்ணா மெதுவாக, “ரீவொர்க் போட்டுடலாம் மேடம்” என்றார். எதற்கும் உதவாது என்று தெரிந்தே அந்த எருமையைக் கொம்பு முதல் வால் வரை அளந்தோம். மற்ற எருமைகளுக்குப் போட்டதைவிடப் பெரிய எழுத்தில் ஓக்கேயும் போட்டோம். அப்போதும் அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “தெனம் ஏழு லிட்டரு கறக்கறது ரிஜெக்ட்டு, ரெண்டு லிட்டரு கறக்கறது ஓக்கேவா? ஒங்க கம்பெனி எப்பிடிங்க வெளங்கும்?”

வெள்ளை எருமை

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் சில நாட்களில் ஆற்றில் நுரை பொங்கிக்கொண்டு வரும். உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அப்போது தெரியாது. கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது தூரத்தில் மூன்று எருமைகள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தன. அதில் ஒன்றுக்கு நெற்றி வெள்ளை, கழுத்து வெள்ளை, விலாவில் பெரிய வெள்ளைத் திட்டு. இப்படி ஒரு நிறம் வேறு எங்கேயும் பதிவாகவில்லையே என்று மூச்சு வாங்க ஓடி, எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். அவரும் ‘அற்புதம்!’ என்று பதில் போட்டார்.

எருமைகளை ஓட்டி வந்த திம்மக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுகிற, நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கணவர் இல்லை. மூன்று எருமைதான் குடும்பம். ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கி எருமையின் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தார். என் அற்புதம் புல்லோடு வந்துவிட்டது.

அன்று நான் அழாத குறை. திம்மக்கா சிரித்துக்கொண்டே கேழ்வரகுக் களி போட்டார், கூடவே வந்து சுற்றுப்பட்ட ஊர்களில் எருமை இருக்கும் வீட்டையெல்லாம் காட்டினார். அடுத்து வந்த நாட்களிலும் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் எங்கள் கணக்கில் பாதி எருமை இருந்திருக்காது. அதை டாக்டரம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் நுரையைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்: “ஏம்மா, வெறும் நொரைக்கே இத்தினி போட்டோவா? எருமையயும் ஒண்ணு எடுத்துக்கோ.”

பஸ்ஸில் ஒரு விசாரணை

ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் படுத்திருந்த ஒரு நாள், கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். உயரம் அளக்கிற மரக்கோல் என்னைவிட உயரம். மேலே குறுக்குச் சட்டம் வேறு. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு லக்கேஜ் போடலாமா, இறக்கிவிடலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. “என்னாம்மா இது?” என்றார். எருமை அளக்கிற கோல் என்றேன். எங்கே போனாலும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். திரும்பின.

அப்புறம் பஸ்ஸே பேச ஆரம்பித்தது. மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் தங்கள் ஊர் எருமைக்குக் கொம்பு பின்பக்கமாகச் சாயும் என்றார்கள். தக்காளி மண்டிக்குப் போகிற ஒருவர், அதெல்லாம் இல்லை, அரிவாள் மாதிரி மேலே போய் உள்ளே திரும்ப வேண்டும், அதுதான் நம் ஊர் எருமை என்றார். யூனிபார்ம் போட்ட ஒரு பெண் போனில் படத்தைத் தேடிக் காட்டினாள். இறங்குவதற்குள் எனக்கு மூன்று ஊர்களின் முகவரி கிடைத்துவிட்டது. தேடிப் போனால்கூட இவ்வளவு சேராது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆள் டிக்கெட் கிழிக்கவே இல்லை. கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு, வளைவில் பஸ் சாய்ந்தபோதும் கையை இறக்காமல் கண்டக்டர் சொன்னார்: “எங்கூட்டு எருமைக்கு இப்பிடி இருக்கும் பாருங்க. கொம்பக் காமிக்க ரெண்டு கையும் வேணும், டிக்கெட்டப் பொறவு வாங்கிக்கறேன்.”

அப்பன் எங்கே?

இப்படியே எருமைகள் சேர்ந்தன. ஒரு நாள் டாக்டரம்மா போனில் கேட்டார், “எல்லாம் சரி, கடா எங்கே?”

அதைத்தான் நாங்களும் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தோம். பெண் எருமையை வைத்து மட்டும் ஒரு ரகத்தை எழுத முடியாது. வளர்ந்த எருமைக்கடா ஒன்றாவது கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை நாள் வாங்கிய உதையும் வீண். எந்த வீட்டிலும் கடா இல்லை. கறக்காத ஜீவனுக்கு யார் தீவனம் போடுவார்கள்? கடாக்கன்று பிறந்தால் பால்குடி மறப்பதற்குள் தரகர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் ஒன்று உறுத்தியது. கெலவரப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் கன்றுகள் மட்டும் ஒரே அச்சாக இருந்தன. அகன்ற நெற்றி, அரிவாள் போலக் கிளம்பும் கொம்பு மொட்டு, வால் நுனியில் ஒரு பிடி வெள்ளை. ஊசி போட்டுப் பிறந்த கன்றுகள் இல்லை. அப்படியானால் அப்பன் என்று ஒருவன் எங்கேயோ இருந்தாக வேண்டும். எந்த வீட்டில் கேட்டாலும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் திம்மக்காதான் பாவம் பார்த்து உடைத்தார். அவன் மாரம்மாவுக்கு நேர்ந்து விட்ட கடாவாம். நேர்ந்து விட்டதால் அவனுக்குச் சொந்தக்காரர் கிடையாது, கட்டுத்தறி கிடையாது. எந்த வயலில் மேய்ந்தாலும் யாரும் விரட்டக்கூடாது. அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். திம்மக்கா சாதாரணமாகச் சொன்னார்: “இந்த நாலு ஊருக்கும் அப்பன் அவன் ஒருத்தன்தான். இப்ப கம்பெனில இருக்கான்.”

இரண்டாம் நம்பர் கேட்

நிஜமாகவே கம்பெனியில்தான் இருந்தான். தொழிற்பேட்டைக்குள் ஒரு பெரிய தொழிற்சாலை, அதன் இரண்டாம் நம்பர் கேட்டுக்குப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளம், அதற்குள் கழுத்து மட்டும் தெரியப் படுத்திருந்தான். எழுந்து வந்து நின்றபோதுதான் கொம்பை முழுசாகப் பார்த்தேன். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு கையாலும் காட்டினாரே, அதே வளைவு. இந்த வட்டாரத்து எருமைக்கு உடம்பு இப்படித்தான் என்று சொல்ல அந்த ஒருவன் போதும்.

சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அட்மின் மேனேஜர் வந்து, யாராவது இதைச் சீக்கிரம் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றார். கண்டெய்னர் லாரிக்குக் குறுக்கே படுத்துக்கொள்கிறதாம், ஹாரன் அடித்தாலும் அசைவதில்லையாம். வருகிற சனிக்கிழமை தரகரை வரவழைத்து லாரியில் ஏற்றிவிடப் போவதாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கேட்கிறார். ஆனால் ஏற்றிவிட்டால் என் கணக்கு கெடுவது மட்டுமில்லை, திம்மக்கா வீட்டுக்கும் அந்த நாலு ஊருக்கும் இனி ஊசிதான்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சிவகங்கைப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் நம்ம ஊர்ப் பிள்ளை என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அவன் படுக்கிற இடத்தில் முன்பு ஒரு குளம் இருந்ததாகவும், அதற்கு மேல்தான் கம்பெனியே எழுந்ததாகவும் அவர் சொன்னார். கேன்டீனில் மிஞ்சிய சோற்றைத் தினமும் அவர் கையாலேயே வைக்கிறார். அவனை இங்கிருந்து அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். வருத்தமாகச் சிரித்தார்: “எப்பிடித்தா அனுப்புவாக? நாந்தான் கான்ட்ராக்ட்டு. அவரு பெர்மனென்ட்டு.”

டேப் கயிறா, இல்லையா?

சனிக்கிழமைக்குள் அளந்துவிட வேண்டும், பிறகு அவனை ஊர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போக வழி பார்க்க வேண்டும். நேரே மாரம்மா கோயில் பூசாரியிடம் போனோம். அவர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் சட்டம்தான். நேர்ந்து விட்ட கடாவின் உடம்பில் கயிறு படக்கூடாது. அன்றைக்கு விட்டதுதான், இன்றுவரை பட்டதில்லை.

முனிராஜ் அண்ணா டேப்பை எடுத்து நீட்டி, “இது கயிறு இல்லீங்க, பைபர்” என்றார். ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். முறுக்கினால்தான் கயிறு, இது பட்டை என்று ஒரு கட்சி. முறுக்கினால் என்ன, முறுக்காவிட்டால் என்ன, சுற்றினால் அது கயிறுதான் என்று இன்னொரு கட்சி. தெலுங்கில் ஆரம்பித்த வாதம் கன்னடத்தில் சூடேறித் தமிழில் வந்து நின்றது. கடைசியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை என்றால் சம்மதம். எனக்குப் பக்தி ஓரளவுதான். அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு எங்கள் ஊர்ச் சாமிகள் அத்தனை பேரையும் துணைக்குக் கூப்பிட்டேன்.

சிவப்பு வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பூசாரிக்கே மனசு கேட்கவில்லை. விபூதி கொடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: “ஆத்தாவுக்கு ஒம்மேல கோவமில்ல கண்ணு. டேப்பு மேலதான் கோவம்.”

முழம் போட்ட கொம்பு

திரும்பி வரும்போது திம்மக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தோற்றுப்போன எரிச்சலில் யார் மேலெல்லாமோ கோபம் வந்தது. கம்பெனி மேல், ஊர் மேல், அந்தச் சிவப்புப் பூ மேலும்தான். திம்மக்கா எல்லாவற்றையும் கேட்டபடி சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். சீசனில் பூ கட்டுவது அவருக்கு உபதொழில். கட்டி முடித்த சரத்தை முழங்கையில் வைத்து முழம் போட்டவர், பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கயிறு வேணாம்னுதானே ஆத்தா சொன்னா? பூ வேணாம்னு சொல்லலியே?”

பூசாரியிடம் ஓடினோம். அவர் யோசித்தார். சாமி கடாவுக்குப் பூச்சூட்டுவது பூஜை, அதற்கு எதற்கு உத்தரவு என்றார். வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் நம்பர் கேட்டில் பூஜை. அட்மின் மேனேஜரிடம் போய் ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் கேட்டைத் திறக்கச் சொல்லிவிட்டார். செக்யூரிட்டி அண்ணன் சோறு காட்டி அவனை நிறுத்தினார். கேன்டீன் பெண்கள் கற்பூரம் கொண்டுவந்தார்கள். திம்மக்கா சாமந்திச் சரத்தைக் கொம்பின் அடியில் வைத்து வளைவோடு வளைவாகப் பதித்து நுனி வரை கொண்டுபோனார். நுனி வந்த இடத்தில் நான் ஒரு ரோஜாவைச் செருகி அடையாளம் வைத்தேன். நெஞ்சைச் சுற்றி ஒரு மாலை, முதுகின் நீளத்துக்கு ஒரு மாலை. உயரத்துக்கு மட்டும் கோலை மேலே படாமல் பக்கத்தில் நிறுத்தினோம். கழற்றிய சரங்களைத் தரையில் துண்டு விரித்து அதன்மேல் வைத்து டேப்பால் அளந்தோம். அதற்கு எந்தச் சாமியும் கோபிக்காது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் எல்லோர் எதிரிலும் துடைத்துக்கொண்டேன். யாருக்கு நான் நன்றி சொல்வது? எருமை வளர்க்காத செக்யூரிட்டிக்கா, எருமையால் திட்டு வாங்குகிற மேனேஜருக்கா, விடிவதற்கு முன்னாலேயே எழுந்து பூக்கட்டிய திம்மக்காவுக்கா? முனிராஜ் அண்ணாவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வாழைநார் இழுத்தால் நீளும், ஆகவே எல்லாவற்றையும் மூன்று தடவை எடுக்க வேண்டும் என்று கடாவின் முகத்துக்குப் பக்கத்திலேயே மாலையோடு நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்து என்னிடம் சொன்னார்: “ரெண்டு ரீடிங் ஓக்கே மேடம். மூணாவதத் தின்னுட்டான்.”

வழியனுப்பு விழா

அளந்தாயிற்று. அவனை வெளியே கொண்டுவர வேண்டுமே? கயிறு போடக்கூடாது, அடிக்கக்கூடாது, கூப்பிட்டால் வருகிற ஜாதியும் இல்லை. மறுநாள் சனிக்கிழமை. தரகரின் லாரி காலையிலேயே கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது.

அதற்குச் சற்றுப் பின்னால் திம்மக்கா வந்தார், தன் எருமையை ஓட்டிக்கொண்டு. முந்தின நாளிலிருந்தே அது பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்ததாம். எருமையைக் கேட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நிறுத்தினார், பிறகு திருப்பி ஊர்ப்பக்கம் நடத்தினார். பள்ளத்துக்குள் கிடந்தவன் தலையைத் தூக்கினான். மேலுதட்டைச் சுருட்டிக் காற்றை மோந்தான். எத்தனை ஹாரனுக்கும் அசையாத உடம்பு, தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து அந்த எருமையின் பின்னாலேயே நடந்தது.

ஷிப்ட் முடிந்து பஸ்கள் வெளிவரும் நேரம். எல்லா பஸ்ஸும் நின்றன. ஜன்னலுக்கு ஒரு போன் நீண்டிருந்தது. அட்மின் மேனேஜர் தானே ரோட்டில் இறங்கிக் கையை விரித்துக் கண்டெய்னர் லாரியை நிறுத்தினார். அன்றைக்கே ஊர் கூடிப் பேசி, கடா இனி திம்மக்கா வீட்டுப் பக்கத்துக் கிணற்றடிப் பள்ளத்தில் இருக்கட்டும், தீவனம் நாலு ஊரும் முறைபோட்டுத் தரட்டும் என்று முடித்தார்கள். தரகர் வெறும் லாரியைத் திருப்பினார். மேனேஜர் நெற்றியைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: “இந்த ஒருத்தர வெளிய அனுப்ப நாங்க எத்தன மீட்டிங் போட்டோம் தெரியுமாங்க? அந்தம்மா வந்தாங்க, நின்னாங்க, போனாங்க.”

திம்மக்கா வீட்டுப் புதுவரவு

டாக்டரம்மா மூன்று வட்டாரத்து அளவுகளையும் ஒப்பிட்டுவிட்டார். நம் எருமை வேறுதான், கொம்பு வளைவிலும் நெற்றி அகலத்திலும் நன்றாகவே தெரிகிறது என்றார். அறிக்கை மேலே போயிருக்கிறது. பெயர் இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும். ஆனால் பெயரை எதிர்பார்த்து எந்தக் கன்றும் பிறக்காமல் இருக்கவில்லை.

அன்று கேட்டுக்கு வந்த திம்மக்காவின் எருமை போன மாதம் கன்று ஈன்றது. கடாக்கன்று. வால் நுனியில் ஒரு பிடி வெள்ளை. நான் புல்லால் தேய்த்தும் பார்த்துவிட்டேன், அசல் வெள்ளைதான். நாங்கள் பார்க்கப் போயிருந்த அன்று வழக்கமான தரகரும் வந்து நின்றார். கேட்க எனக்கு என்ன உரிமை? கறக்காத ஜீவனுக்குத் தீவனம் போடப்போவது திம்மக்காதானே, நானா? திம்மக்கா கன்றின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டு, தரகரைப் பார்த்துச் சொன்னார்: “இவனக் குடுக்கமாட்டேன், போப்பா. இவன் பெருசானாத்தான் இவங்க மறுபடி அளக்க வருவாங்கோ. எனக்கும் பேச ஆளு வேணுமில்ல?”

எருமைக்குப் பெயர் வாங்கித் தரக் கிளம்பியவளுக்கு ‘எருமைக்காரம்மா’ என்ற பெயர்தான் ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை முதலில் கிடைத்திருக்கிறது, அதற்காக எந்த எருமை மேலும் எனக்கு வருத்தமில்லை.